புதன்கிழமைப் பொங்கலும் மாமியாரின் மூட்டுவலியும்

புதன்கிழமை என்றால் என் மூத்தவள் வீட்டில் எதையும் தொடமாட்டாள். பள்ளியில் பொங்கல், சாம்பார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு அது வெறும் செய்தி. இப்போது, எட்டரைக்கு ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் எனக்கு, காலை அவசரம் பாதி குறைந்துவிட்டது.

சின்னவன் கதை வேறு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தவணை தவணையாக வந்தது, மருந்துக்கும் ஸ்கேனுக்கும் சரியாகப் போயிற்று. அப்புறம்? மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தப்படி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். எங்கள் கடையில் பதினோரு பேர். அங்கன்வாடியில் சேரும்வரை அவனைத் தூக்கிச் சுமந்தது என் மாமியார், மூட்டுவலியோடு. அந்தக் கூலி எந்த பட்ஜெட்டிலும் வராது.

இப்போது அங்கன்வாடியில் முட்டை, சாதம், பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலம் அவனைக் கூட்டிவர அத்தைதான் நடக்கிறார். கடை மூட ஒன்பதாகிவிடும். என்னைக் கேட்டால், மகப்பேறு பணத்தில் இன்னும் இரண்டாயிரம் கூட்டித் தருவதைவிட அந்த அங்கன்வாடிக் கதவை ஏழு மணிவரை திறந்து வைக்கச் சொல்வேன்.