ஃபின் எவ்வளவு வேகத்தில் நகரும்?

ஏவுகணை ஆட்டோபைலட் வேலைக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு சின்னப் பள்ளம். மேலே திரும்பச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், முடுக்கத்தின் வரைபடம் முதலில் கொஞ்சம் கீழே இறங்கி, அப்புறம்தான் ஏறுகிறது. புரோகிராமில் எங்கோ பிளஸ்ஸை மைனஸாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பிழையே இல்லை. வால் ஃபின்னால், அதாவது வாலில் அசையும் சின்ன இறக்கையால், திரும்பும் ஏவுகணையின் சுபாவமே அது: மூக்கு தூக்க வேண்டுமென்றால் வாலைக் கீழே அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் முதலில் மொத்த உடலையும் கீழே தள்ளிவிடும்.

இதனால்தான் இயக்கச் சமன்பாட்டைத் தலைகீழாக்கி ஃபின் கோணத்தைக் கண்டுபிடிக்கும் டைனமிக் இன்வெர்ஷனை முடுக்கத்தின் மேல் நேராகப் போட முடியாது, ஃபின் கட்டளை கட்டுக்கடங்காமல் போய்விடும். நாங்கள் பிட்ச் ரேட்டில், அதாவது மூக்கு மேலும் கீழும் திரும்பும் வேகத்தில், அதைப் போட்டு, முடுக்கத்துக்கு வெளியே ஒரு கட்டுப்பாட்டு லூப் வைத்தோம். காற்றுக்கும் உடலுக்குமான கோணம் பெரிதானால் விண்ட் டனல் தரவை அவ்வளவாக நம்ப முடியாது, அந்தப் பிழையைப் பறக்கும்போதே கற்றுக்கொண்டு சரிசெய்ய ஒரு அடாப்டிவ் பகுதி.

காற்றியக்க எண்களை வேண்டுமென்றே 30 சதவீதம் கெடுத்துவிட்டு சிமுலேஷன் ஓட்டினேன், கோடு மேல் கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெருமையாக சீனியரிடம் காட்டினால், அவர் கேட்டது ஒன்றுதான்: "ஃபின் எவ்வளவு வேகத்தில் நகரும் தம்பி?"

என் மாடலில் ஃபின் நினைத்த மாத்திரத்தில் நகர்ந்தது. வேக வரம்பைச் சேர்த்ததும் வரைபடம் ரம்பப் பல் ஆனது. ஃபின் தன் முழு வேகத்தில் ஓடியும் கட்டளையை எட்ட முடியாதபோது பிழை வளர்கிறது, அடாப்டிவ் பகுதியோ தன் மாடல்தான் தப்பு என்று நினைத்து இல்லாத பாடத்தைக் கற்றுக்கொண்டே போகிறது. ஃபின்னை நகர்த்தும் கருவியான ஆக்சுவேட்டரால் வரும் பற்றாக்குறையைக் கற்றல் விதியின் கண்ணில் படாமல் மறைக்க ஒரு வழி உண்டு, ஹெட்ஜிங் என்பார்கள். அதைச் சேர்த்து ஒழுங்காக்க இரண்டு மாதம் போனது.

அன்று டீ குடிக்கும்போது சீனியர் எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானத்தின் கதையைச் சொன்னார். 1967 நவம்பர் 15, மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டிய விமானம், எம்எச்-96 என்ற அடாப்டிவ் கட்டுப்பாடு. சுழலில் மாட்டி மீண்டுவிட்டார், ஆனால் கட்டுப்பாடு ஓர் அலைவில் சிக்கியது. காற்று அடர்த்தியாக ஆக கெயின், அதாவது கட்டுப்பாடு எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது என்ற அளவு, இறங்க வேண்டும், அந்த அலைவு இறங்கவிடவில்லை. விமானம் நடுவானில் உடைந்தது, ஆடம்ஸ் இறந்துபோனார்.

இப்போது யாராவது அழகான வரைபடத்தோடு வந்தால் நான் முதலில் தேடுவது ஃபின் வேகத்தின் வரைபடத்தை. பாதிப் பேர் அதைப் போடுவதே இல்லை.