டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு சில ராப், இண்டி ஆல்பங்கள்

புதிதாக வரும் ராப் ஆல்பங்களையும், இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக்) ஆல்பங்களையும் இப்போதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: டிரம்ஸ். முதல் சுற்றில் முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல், பாட்டைப் பாட்டாகவே கேட்டுவிடுவேன். அடுத்த சுற்று ஹெட்போனில். கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுகிறது, ஸ்நேர் (சடசடக்கும் சின்ன டிரம்) எவ்வளவு சத்தமாக இருக்கிறது, எந்த இடத்தில் இரண்டுமே காணாமல் போகிறது, அவ்வளவுதான் கவனிப்பு. ரொம்பப் பிடித்துப்போன உத்தி ஏதாவது இருந்தால், போனில் இருக்கும் சாம்ப்ளர் செயலியில் (ஒலியைப் பதிவு செய்து, வெட்டி, சுழலவிடும் செயலி) நானே செய்து பார்ப்பேன். சில மாதங்களாக இது ஓடுகிறது. இதுவரை கைக்கு வந்ததை எழுதி வைக்கிறேன்.

இதில் என்னை இழுத்துவிட்டவர் 'கா' என்ற பெயரில் பாடிய கசீம் ரயன். நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதிக்காரர், அந்த நகரத்தின் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தவர். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், தானே எழுதி, பெரும்பாலும் தானே பீட் (ராப் வரிகளுக்கு அடியில் ஓடும் இசை) அமைத்து, தானே வெளியிட்டு வந்தார். 2024 ஆகஸ்டில் 'தி தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்' வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 52 வயதில் போய்விட்டார். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களைத் துண்டு துண்டாக எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அந்த மதம் தன் மக்களுக்கு என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது என்று அவற்றின் மேலேயே நின்று கேள்வி கேட்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. டிரம்ஸோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ராப் பாடகர் ராக் மார்சியானோவும் காவும் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிரம்ஸ் இல்லாத இந்த வழியை நன்றாகப் போட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த பலர் அதில் நடக்கிறார்கள். டிரம்ஸை எடுத்துவிட்டால் பாட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. நம் காதுக்கு விருத்தம் பழக்கம். அங்கே தாளக் கட்டு கிடையாது, சொல்லே நடையை எடுத்துப் போகும். கா செய்வது அதுவும் இல்லை. தாளம் கண்டிப்பாக இருக்கிறது, ஆனால் அடிப்பவர் யாரும் கண்ணில் படுவதில்லை.

செய்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வீட்டு ஆர்மோனியத்தில் நாலைந்து சுரம் வாசித்துப் பதிவு செய்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, நாலு எண்ணிக்கை வரும்படி வெட்டிச் சுழலவிட்டேன். டிரம்ஸ் எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் கால் தானாக ஆடியது. காரணம், வெட்டி ஒட்டிய இடம். துண்டு முடிந்து திரும்பத் தொடங்கும் அந்தப் புள்ளியில் காற்று சட்டென்று அறுந்து, மறுபடி துருத்தி அழுத்தும் சத்தம் வருகிறது. அந்த ஒட்டுதான் 'ஒன்று' என்று சொல்கிறது. ஒட்டே தெரியாதபடி மழுப்பி வெட்டினால் சுழற்சி ஒரு நீண்ட முனகலாகிவிடுகிறது, அதன் மேல் வரி சொல்ல முடியவில்லை. கொஞ்சம் முரட்டுத்தனமாக வெட்டினால் உடனே இடம் கிடைக்கிறது. திரும்பப் போய் காவைக் கேட்டால், ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த ஒட்டு விழும் இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் அவர் வாயைத் திறப்பது கேட்கிறது. ஆஹா, என்ன நிதானம்!

இன்னொன்றும் கவனித்தேன். டிரம்ஸ் இல்லாத பீட் என்று சொல்லப்படுகிற பலவற்றிலும், எடுத்த பழைய பதிவிலேயே இருந்த ஹை-ஹாட் தாளத் தகடோ தோல் வாத்தியமோ அடியில் லேசாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் அது வராது, ஹெட்போன் வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிளிப்ஸ் என்ற ராப் ஜோடி. வர்ஜீனியா அண்ணன் தம்பிகள் மாலிஸும் புஷா டீயும். 2002-இல் வந்த அவர்களுடைய 'கிரைண்டின்' பாட்டில் மெட்டு என்று ஒன்றுமே கிடையாது. அடி, அடி, அடி. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டியே பிரபலமாக்கிய பீட் அது. அவர்கள் சேர்ந்து போட்ட ஆல்பம் 2009-க்குப் பிறகு 2025 ஜூலையில்தான் வந்தது, 'லெட் காட் சார்ட் எம் அவுட்'. பீட் முழுக்க தயாரிப்பாளர் ஃபாரெல். முதல் பாட்டில் தம்பி அம்மாவின் சாவையும், அண்ணன் அப்பாவின் சாவையும் சொல்கிறார்கள். பெற்றோர் இருவரும் சில மாத இடைவெளியில் இறந்தவர்கள். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்ததற்கு உடனே போக எனக்கு மனசு வரவில்லை. ஆல்பத்தின் மற்ற இடங்களில் சிந்த்தசைசர் கொஞ்சம் அதிகம் மினுக்குகிறது என்பது என் கருத்து. 2006-இல் இதே கூட்டணி செய்த ஆல்பத்தின் வறண்ட, கூரான அடிதான் எனக்கு இன்னும் உசத்தி. ஆனால் மாலிஸின் வரிகள்? இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்கூட மழுங்கவில்லை.

ராப் பாடகர் பில்லி வுட்ஸின் 'காலிவாக்' (2025 மே) டிரம்ஸ் கணக்குக்கு அவ்வளவு எளிதாக அடங்கவில்லை. எல்-பி, ஆல்கெமிஸ்ட், கென்னி சீகல் என்று பாட்டுக்குப் பாட்டு பீட் அமைக்கும் ஆள் மாறுகிறது, ஆனால் பயம் மட்டும் மாறாமல் இருக்கிறது. பேய்ப் பயத்தையும் ஜிம்பாப்வேயில் கழிந்த குழந்தைப் பருவத்தையும் காலனி ஆட்சியின் மிச்சங்களையும் ஒரே மூச்சில் பேசுகிற எழுத்து. இதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இண்டி பக்கத்தில் என்னை உட்காரவைத்தது புரூக்ளின் ராக் குழு கீஸ். அவர்களுடைய 'கெட்டிங் கில்ட்' 2025 செப்டம்பர் 26 அன்று வந்தது. குழுவோடு சேர்ந்து அதைத் தயாரித்தவர் கென்னத் புளூம், அதாவது கென்னி பீட்ஸ் என்ற பெயரில் டென்சல் கரிக்கும் வின்ஸ் ஸ்டேபிள்ஸுக்கும் ராப் பீட் செய்துகொடுத்த அதே ஆள். முதல் பாட்டில், காரில் குண்டு இருக்கிறது என்று கத்துகிற இடத்தில் ராப் பாடகர் ஜெபெக்மாஃபியாவின் குரலும் இருக்கிறது. 'டாக்ஸஸ்' பாட்டைக் கேளுங்கள். பாதி தூரம் வரை மேக்ஸ் பாசினின் டிரம்ஸ்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கிட்டார் எங்கே என்று தேட ஆரம்பிக்கும்போது ஒரேயடியாகத் திறக்கிறது. சாதாரண ராக் பதிவில் கிட்டார் சுவருக்குப் பின்னால் டிரம்ஸ் உட்கார்ந்திருக்கும். இங்கே ராப்பில் வருவதுபோல முகத்துக்கு முன்னால் நிற்கிறது, குரல் அதன் மேல் தள்ளாடுகிறது. கேமரன் வின்டரின் அந்தக் குரல் எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வெட்னஸ்டே குழுவின் 'பிளீட்ஸ்' அதே செப்டம்பரில் வந்தது. வட கரோலினாக்காரர்கள், இரைச்சல் கிட்டாருக்கு நடுவே பெடல் ஸ்டீல் (சுரம் வழுக்கிப் போகும் ஒரு வகை கிட்டார்) அழகாக இழைகிறது. டிரம்ஸுக்காக அல்ல, கார்லி ஹார்ட்ஸ்மனின் வரிகளுக்காகக் கேட்டேன், அதுவே போதும்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'மெர்சி'. பில்லி வுட்ஸும் எலுசிடும் சேர்ந்த ராப் ஜோடி ஆர்மண்ட் ஹாமர், ஆல்கெமிஸ்டோடு 2025 நவம்பரில் கொண்டுவந்தது. 2021-இல் இதே மூவர் செய்த 'ஹராம்' எனக்கு மனப்பாடம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கிறேன். ஆர்மோனியத் துண்டுக்கு அடியில் இப்போது ஒரே ஒரு கிக் போட்டிருக்கிறேன், மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும், மிக மெதுவாக. சேர்த்ததும் ஒட்டு விழும் இடம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அடுத்து அதை இரண்டாவது எண்ணிக்கைக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும்.