லோ ஆங்கிள் என்றாலே அதிகாரமா?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு, திரைப்பட ஆய்வுத் தாளின் முதல் இன்டர்னலில் எனக்கு 20க்கு 7. காட்சியில் இருந்த ஷாட்களையெல்லாம் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். க்ளோஸ் அப் என்றால் உணர்ச்சி, லோ ஆங்கிள் (கீழிருந்து மேலே பார்ப்பது) என்றால் அதிகாரம், ஹை ஆங்கிள் (மேலிருந்து கீழே பார்ப்பது) என்றால் பலவீனம் என்று நோட்ஸில் இருந்ததை அப்படியே பொருத்தி எழுதினேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ‘இந்தக் காட்சியில்?’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த வகுப்பில் ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்திலிருந்து ஒரு காட்சியைப் போட்டார். கவர்னர் தேர்தலில் படத்தின் நாயகன் கேன் தோற்ற இரவு. ஆள் நடமாட்டம் இல்லாத அலுவலகத்துக்கு நண்பன் லேலண்ட் குடித்துவிட்டு வந்து, மனதில் இருந்ததை முகத்துக்கு நேராகச் சொல்கிறான். காமிரா தரையோடு தரையாகக் கிடந்து பார்க்கிறது. அவ்வளவு கீழே போவதற்காக இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் செட்டின் தரையையே வெட்டிக் குழி எடுத்தார்கள். என் நோட்ஸ்படி கேன் அங்கே அதிகாரத்தின் உச்சியில் இருக்க வேண்டும். ஆனால் அவன் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறான்.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கூரை கண்ணில் பட்டது. மேலே விளக்குகள் வேண்டும் என்பதால் அந்தக் காலத்து ஸ்டுடியோ செட்டுகளுக்குப் பெரும்பாலும் கூரை இருக்காது. இந்தப் படத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கூரை போட்டார்கள். கேன் மலை மாதிரி தெரிகிறான், அந்த மலையின் தலைமேல் கூரை உட்கார்ந்திருக்கிறது. தோற்ற பிறகும் தன் அளவைக் குறைத்துக்கொள்ளத் தெரியாத மனிதன் என்று நான் அதைப் படித்தேன். வேறு மாதிரியும் படிக்கலாம், ஃப்ரேமில் ஆதாரம் இருந்தால் சரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதையே வேறு மாதிரி எடுத்திருந்தால் என்ன போயிருக்கும்? கண் மட்டத்தில் வைத்திருந்தால் அது இரண்டு நண்பர்களின் சண்டையாக மட்டும் நின்றிருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் எழுத வேண்டும். டெக்னிக்கின் பெயருக்கு ஒரு வரி போதும்.

ஒலியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) ஊர் திரும்பிய ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். மனைவி சர்பஜயா உடைந்து அழுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கிறது. ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். அழுகை கேட்டிருந்தால் ஒரு தாயின் துக்கமாக இருந்திருக்கும். இசை அதை அந்த வீட்டுக்கு வெளியே கொண்டுபோகிறது. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தேர்வு அறைக்கு ஒரு விஷயம். எங்களுக்குக் காட்சியை இரண்டு முறை போட்டார்கள். முதல் முறை பேனாவைத் தொடாமல் பாருங்கள், எந்த இடத்தில் மனசு அசைந்தது என்று மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாம் முறை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து குறிப்பெடுங்கள். அப்புறம், ஏழெட்டு டெக்னிக்கை வரிசையாக அடுக்க வேண்டாம். செமஸ்டரில் நான் எழுதியது இரண்டே இரண்டுதான், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் பக்கம் கொடுத்தேன்.