குறை சொல்ல முடியாத வேலை

"என் வேலையில் என்ன குறை கண்டீர்கள், அக்கா?" என்று சக செவிலி ஒருத்தி கேட்டதற்கு இன்றும் என்னிடம் நேரான பதில் இல்லை. மருந்து கொடுக்கும் நேரம் தவறியதில்லை. குறிப்பேட்டில் ஒரு கட்டம்கூட விடுபட்டதில்லை. ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவளைச் சில காலம் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றும்படி மேற்பார்வையாளரிடம் பேசியது நான்தான்.

ஒரு விடியற்காலையில் பெரியவர் ஒருவர் இறந்தார். மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மூன்றாம் பெட் முடிந்தது, அடுத்தவரை எடுத்துக்கொள்ளலாமா?" என்றாள் இவள். முன்பெல்லாம் நினைவில்லாமல் கிடப்பவரிடமும் "ஐயா, ஊசி போடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாள். அந்தப் பேச்சு எப்போது நின்றது?

பெட் எண்ணைச் சொல்லாத செவிலியர் யார்? நானும் சொல்கிறேன். ஓரளவு விலகி நிற்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. "நான் அழ வேண்டும் என்கிறீர்களா?" என்று அவள் கேட்டதும் நியாயம்தான். அழச் சொல்லவில்லை. மகள் நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

வேலை அழுத்தத்தால் ஒருவர் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை (burnout) அளக்க, உளவியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போன சோர்வு, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காத விலகல், தன் வேலையில் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். சோர்வை நாங்கள் எளிதில் கண்டுகொள்வோம். விலகலோ எங்கள் கண்ணுக்குத் திறமையாகத் தெரிகிறது. அவளை அதற்காகப் பாராட்டியவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் இந்த எரிந்து தீர்ந்த நிலையை நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்கிறது. அப்படியென்றால் கோளாறு வேலையில் இருக்க, நான் ஏன் ஆளை மாற்றினேன்? அதே இரவுப் பணி அட்டவணையில் இப்போது இன்னொருத்தி நிற்கிறாள். அட்டவணையை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. ஒருத்தியையாவது வெளியே எடுக்க முடிந்தது. அவளிடம் முதலில் பேசியிருக்கலாமோ? பேசியிருந்தால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றிருப்பாள். நானும் நம்பியிருப்பேன்.

இப்போது என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். அது கோபமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கோபம்தானா என்று கேட்கத் துணிவு வரவில்லை.