காலடி வரைந்தவர்

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே 2012-இல் உலகம் அழியப்போகிறது என்று கிளம்பிய புரளிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது, பாடம் எழுதி அலுத்துப்போன ஒரு மனிதர்.

மகளுக்கு க, கா, கி, கீ சொல்லிக்கொடுத்த நாட்களில்தான் அவரைப் பற்றிப் படித்தேன். பெயர் தெரியாது. கேள்வி கேட்டவரின் பெயர் மட்டும் நன்றாகத் தெரியும்: தியேகோ தெ லாந்தா, ஸ்பானியப் பாதிரியார். 1562-இல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில், மானி என்ற ஊரில் மாயாக்களின் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தியவர். அத்திமரப் பட்டையில் தாள் செய்து, சுண்ணம் பூசி, விசிறி போல மடித்து எழுதிய ஏடுகள். இன்றைக்கு மிஞ்சியிருப்பவை நான்கே.

கொளுத்திய அதே ஆள்தான் சில வருடம் கழித்து அந்த எழுத்தைக் குறித்துவைக்கவும் உட்கார்ந்தார். ஸ்பானிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இதற்கு உங்கள் எழுத்து என்ன?’ என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் எழுத்தை ஸ்பானியர் ‘பே’ என்பார்கள். மாயா மொழியில் பே என்றால் பாதை. நம்மாள் ஒரு காலடித் தடத்தை வரைந்து கொடுத்தார். கேட்டதற்குச் சரியான பதில்தான்! அவர்களுடையது உயிர்மெய் மாதிரி அசை எழுத்து. தனி மெய்யைக் கேட்டால் எங்கே போவார்? கடைசியில், ஏதாவது ஒரு வாக்கியம் எழுது என்றதும் அவர் எழுதியது: ‘மா இன் காத்தி’. எனக்கு இஷ்டமில்லை.

லாந்தாவும் அதை அப்படியே தன் குறிப்பில் சேர்த்துவிட்டார்.

பின்னால் வந்த அறிஞர்கள் அந்தப் பட்டியலை அகரவரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. 1952-இல் லெனின்கிராடில் இருந்த சோவியத் ஆய்வாளர் யூரி க்நோரோசோவ் மட்டும், இவை அசைகள் என்று பிடித்தார். மிஞ்சிய ஏடுகளில் ஓரிடத்தில் வான்கோழிப் படத்துக்கு மேலே இரண்டு குறிகள். முதலாவது லாந்தா பட்டியலில் இருக்கும் ‘கு’. வான்கோழிக்கு யுகடான் மொழியில் ‘குட்ஸ்’ என்று பெயர். அப்படியானால் அடுத்தது ‘ட்ஸு’. அதே ‘ட்ஸு’ நாய்ப் படத்துக்கு மேலேயும் இருந்தது, பக்கத்தில் ‘லு’. பழைய அகராதியைப் புரட்டினால், ‘ட்ஸுல்’ என்றால் நாய். இந்த இடத்தைப் படித்தபோது இரவு மணி ஒன்று; எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். மாயா ஆய்வில் அன்றைய பெரும்புள்ளியான எரிக் தாம்ப்ஸனோ கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கவனித்தீர்களா, குட்ஸ் என்பதைக் கு-ட்ஸு என்றும், ட்ஸுல் என்பதை ட்ஸு-லு என்றும் எழுதுகிறார்கள். கடைசி உயிரை விழுங்கிவிட வேண்டும். நமக்குப் புள்ளி இருக்கிறது, அவர்களுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கக்காவ், அதாவது சாக்லேட் செய்யும் கொக்கோ. குவாத்தமாலாவின் ரியோ அசூலில் 1984-இல் ஒரு கல்லறையைத் திறந்தபோது, திருகுமூடி போட்ட ஒரு ஜாடி கிடைத்தது. மேலே இருந்த எழுத்தைப் படித்தவர்கள் க-க-வ, அதாவது ககவ், என்றார்கள். உள்ளே ஒட்டியிருந்த கசடைச் சோதித்தால், கக்காவேதான். இந்தச் சொல்லில் ‘க’ என்பது ஒரு மீன். மீனுக்கு யுகடான் மொழியில் ‘கய்’. மீனை இரண்டு தடவை வரையச் சோம்பலாக இருந்தால், ஒரு மீன் போட்டு ஓரத்தில் இரண்டு சின்னப் புள்ளி வைத்தால் போதும், இருமுறை படி என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து அதை வரைந்தோம். என் மீன் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது, அவளுடையது பரவாயில்லை. கடைசி வ-வை ‘வ’ என்று முழுசாகச் சொல்லக்கூடாது, வ்-ஓடு நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த மாயாக் குறியின் தலையில் பளிச்சென்று ஒரு புள்ளி வைத்தாள். நான் அழிக்கவில்லை.