ஜவ்வாது மலையில் மர்ம வெளிச்சம்: ஃபோனில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் மலைப்பாதை ஏறினால் ஊர் வெளிச்சம் மெல்லப் பின்தங்கிவிடும். 725 மீட்டர் உயரம், நல்ல இருட்டு. வைணு பாப்பு வானாய்வகம் இங்கே அமைந்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். சென்னை மொட்டைமாடியில் கண்ணுக்கே படாத செயற்கைக்கோள்களும் தூரத்து விமானங்களும் இங்கே பளிச்சென்று தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அதில் பாதி பறக்கும் தட்டுதான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரை, அமாவாசையை ஒட்டிப் போங்கள். தங்குவதற்கு ஜமுனாமரத்தூர் பக்கம் இடம் பார்க்கலாம். வானாய்வகத்தின் அருகே டார்ச் அடிப்பதும் ஹெட்லைட்டை எரியவிட்டு நிற்பதும் வேண்டாம். அங்கே வேலை நடப்பதே இரவில்தான்.

கையில் ஃபோன், சின்ன ட்ரைபாட், பவர் பேங்க், பழைய பருத்தித் துணி இருந்தால் போதும். துணி எதற்கென்றால், விடியற்காலைப் பனி லென்ஸில் படிந்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஒளிவட்டம் விழும். ஃபோனைக் காந்தத்தால் பிடிக்கிற ட்ரைபாட் வேண்டாம், திசைகாட்டி தப்பாகக் காட்டும். படம் எந்தத் திசையில் எடுத்தது என்பது பிறகு முக்கியம்.

நைட் மோடை நம்பாதீர்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று பொருத்துகிறது. பல ஃபோன்களில் அந்தப் பொருத்தலின்போது நகர்கிற வெளிச்சம் துண்டு துண்டாகும், இல்லையென்றால் படத்தில் விழுந்த தேவையற்ற புள்ளி (நாய்ஸ்) என்று துடைத்தெறியப்படும். ப்ரோ மோடுக்குப் போய் 1x மெயின் கேமராவை வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 800 முதல் 1600 வரை, ஷட்டர் 10 விநாடி, ஃபோகஸ் கைமுறையில் முடிவிலிக் குறி, வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின் என்று அமையுங்கள். கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா ஃபைலையும் சேமிக்கச் சொல்லுங்கள். ஷட்டரை விரலால் தொட்டாலே ஆடும், அதனால் 3 விநாடி டைமர் வையுங்கள். படத்தின் அடியில் மரமோ மலைமுகடோ கட்டாயம் வரட்டும். வெறும் வானத்தில் ஒரு புள்ளி இருக்கும் படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அதிகம் ஏமாற்றுவது டிஜிட்டல் ஜூம். வெள்ளிக் கிரகத்தை 30 மடங்கு இழுத்தால் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறி, புள்ளி உப்பி, ஓரம் துடிக்கிற தட்டாக மாறும். பெரிஸ்கோப் லென்ஸ் (ஒளியை மடக்கி அனுப்பும் ஜூம் லென்ஸ்) உள்ள ஃபோனில் அந்தத் தட்டின் விளிம்பு வெட்டுப்பட்டு, நிஜமாகவே ஏதோ கலம் மாதிரி தெரியும். அந்த வடிவம் வானத்தில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. தெருவிளக்கோ நிலவோ சட்டகத்தில் இருக்கும்போது பச்சையாக மிதக்கும் புள்ளியும் இதே ரகம்தான். விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுங்கள், எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் புள்ளி இருந்தால் அது லென்ஸுக்குள் நடந்த பிரதிபலிப்பு.

பத்து விநாடிப் படத்தில் விழும் கோடு நிறையச் சொல்லும். விமானம் என்றால் கோட்டின் நடுவே மணி கோத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வரும், ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று. செயற்கைக்கோள் புள்ளியில்லாத ஒரே கோடு. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு நேர்மேலே போனால் விநாடிக்குச் சுமார் 1 டிகிரி, அதாவது பத்து விநாடிக்குக் கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம். கோடு ஒரு முனையில் மெலிந்து மறைந்தால் அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். வரிசையாக ரயில்பெட்டி போல் போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களுடன் முதல் தொகுதி போனதிலிருந்து இந்தக் காட்சி உலகமெங்கும் ஆட்களைப் பயமுறுத்துகிறது.

வடகிழக்கில், அடிவானத்தை ஒட்டி ஆரஞ்சு வெளிச்சம் ஏறினால் முதலில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் நேரத்தைப் பாருங்கள். காவலூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். அந்தி, விடியல் ஏவுதல் என்றால் உயரத்தில் பரவும் புகை வெயில் பட்டு ஒளிரும், பிறகு காற்றில் முறுக்கிக்கொள்ளும். அதற்கு ஷட்டரை ஒரு விநாடிக்குள் குறையுங்கள்.

ஹைதராபாத் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அங்கிருந்து பறக்கவிடும் ஆய்வு பலூன்கள் 30, 40 கிலோமீட்டர் உயரம் போகும். தரையில் சூரியன் மறைந்த பிறகும் ஏறக்குறைய அரைமணி நேரம் வெயிலில் நிற்பதால் அசையாத வெள்ளைப் புள்ளியாக மின்னும். ஜூம் பயன்படுகிற அபூர்வமான இடம் இது. 50 மீட்டர் அகலப் பலூன் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் 5x ஆப்டிகல் லென்ஸில் 20 பிக்சல் அளவுக்கு உருண்டையாக விழும்.

அசையாத வெளிச்சத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1988-இல் வானியலாளர் ராஜமோகன் குழுவினர், அகன்ற வானத்தைப் படமெடுக்கும் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ராமானுஜன் சிறுகோளைக் கண்டுபிடித்தபோதும் அடிப்படை இதுதான்: ஒரே வானத்தை இடைவெளி விட்டுப் படமெடுத்து, எது இடம் மாறியது என்று பார்ப்பது. ட்ரைபாடைத் தொடாமல் நான்கு நிமிடம் விட்டு இரண்டு படம் எடுங்கள். நட்சத்திரங்கள் 1 டிகிரி வரை நகர்ந்திருக்கும். வெளிச்சமும் அவற்றோடு சேர்ந்தே நகர்ந்திருந்தால் அது நட்சத்திரம் அல்லது கிரகம். மலைமுகட்டோடு அப்படியே நின்றால் செல்போன் டவரோ வீட்டு விளக்கோ. இரண்டோடும் ஒட்டாமல் வேறு பக்கம் போயிருந்தால்தான் மண்டையைக் குடைய வேண்டும்.

அப்போது படத்தின் நேரம், திசையை வைத்து ஸ்டெல்லேரியம் (நட்சத்திரம், கிரகம்), ஹெவன்ஸ் அபவ் (செயற்கைக்கோள்), ஃபிளைட்ரேடார்24 (விமானம்) மூன்றிலும் தேடுங்கள். விமானப் பதிவைத் தள்ளிப்போடாமல் பாருங்கள், கட்டணமில்லாமல் சில நாள் பழசுதான் கிடைக்கும். ராணுவ விமானம் அதில் வராமலும் போகலாம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், நேரமும் இடமும் கழன்றுபோய், படமும் சுருங்கிப்போகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், ரா ஃபைலையும் சேர்த்து.