ஹரிக்கே (பஞ்சாபின் ஈரநிலம்), குளிர்காலச் சிட்டுகள்

டிசம்பர் 9
மூடுபனி. பதினொரு மணி வரை எல்லாச் சிட்டும் ஒரே சிட்டு.

டிசம்பர் 11
வீட்டுச் சிட்டையும் அதைப் போன்ற சிந்துச் சிட்டையும் பிரிக்க, குளிர்காலத்தில் ஆணின் தொண்டைக் கறுப்பை அளவுகோலாக வைக்கவே கூடாது. சிட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முழு இறகுதிர்வுதான், குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும். புது இறகின் நுனி சாம்பலும் வெளிர்பழுப்புமாக இருக்கும். கறுப்பும் செம்பழுப்பும் அதற்கடியில். நுனி தேயத் தேயத்தான் நிறம் வெளியே வரும், புதிதாக எதுவும் முளைப்பதில்லை. அலகும் இப்போது மங்கல், கறுப்பாவது பின்னால்தான். இது தெரியாமல் டிசம்பர் படத்துக்குக் கீழே "கறுப்பு சின்னது, ஆகவே சிந்துச் சிட்டு" என்று எழுதித் தள்ளுகிறார்கள்.

டிசம்பர் 12
எந்த இனம் என்று பிடிபடாத அந்தக் கருவேல மரத்துப் பெட்டை. மறுபடியும்.

டிசம்பர் 19
சிந்துச் சிட்டு ஆண், ஐயத்துக்கு இடமில்லை. நாணலை ஒட்டிய கருவேலம், தண்ணீர் பக்கத்தில்.
உச்சந்தலையும் பிடரியும் சாம்பல். செம்பழுப்புப் பட்டை கண்ணுக்குப் பின் தொடங்கிக் கன்னத்தை வளைத்து இறங்கி அங்கேயே நின்றுவிடும். வீட்டுச் சிட்டில் அது பிடரிக்குப் பரவி முதுகோடு சேரும். அதைவிட நம்பகம் பிட்டம், வாலுக்குச் சற்று மேலே: இதற்குச் செம்பழுப்பு, வீட்டுச் சிட்டுக்குச் சாம்பல். கிளையில் இருக்கும்போது இறக்கை மறைத்துவிடும். எழும்பும் நொடியில் பின்னாலிருந்து எடுத்த ஒரு படம், முன்னாலிருந்து எடுத்த பத்துக்குச் சமம்.
நீளம் 13 செ.மீ. அளவு. இரண்டும் ஒரே கிளையில் இருந்தாலொழிய அளவைப் பேசிப் பயனில்லை.

ஜனவரி 3
வயலில் ஸ்பானியச் சிட்டுக் கூட்டம். ஆணின் விலாவில் கறுப்புக் கீற்றுகள், தலை முழுக்கச் செம்பழுப்பு, கன்னம் வெள்ளை. தலை நிறம் மட்டும் போதாது. இத்தாலியச் சிட்டுக்கும் அதே தலைதான், ஆனால் விலா சுத்தம்; வீட்டுச் சிட்டும் ஸ்பானியச் சிட்டும் கலந்து பிறந்த இனம் அது. மரச்சிட்டுக்கும் செம்பழுப்புத் தலை, வெள்ளைக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் சோற்றுப்பருக்கை பொறுக்குவது அதுதான். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, அதனால் தலைவலி இல்லை.

ஜனவரி 8
பனி. படம் இல்லை.

ஜனவரி 17
அந்தப் பெட்டை. கன்னம் சாம்பல், புருவக்கோடு கொஞ்சம் மஞ்சள்பழுப்பு, அலகு சிறிது: சிந்து. இல்லை, விலாவில் மங்கிய கீற்று: ஸ்பானியம். ஆனால் ஸ்பானியப் பெட்டைக்கு அலகு தடிமனாயிற்றே! தலை கொஞ்சம் திரும்பினாலும் அலகு குட்டையாகத்தான் விழும். முழுப் பக்கவாட்டுப் படம் இல்லாமல் அலகைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒளியும் ஏமாற்றும்: பனியில் கேமரா தானே அளந்தால் பறவை இருண்டுவிடும், ஒளியளவை ஒரு படி கூட்டினால் கன்னம் வெளுத்துவிடும். விலாக் கீற்று ஈர இறகின் மடிப்பாகவும் இருக்கலாம்.
பெயர் எழுதாமல் விடுவதே சரி. விட மனம் வரவில்லை.

பிப்ரவரி 2
பறவையியலாளர் எட்வர்ட் பிளைத் 1845இல் சிந்துச் சிட்டுக்குப் பெயர் வைத்தார், பகாவல்பூரில் அலெக்சாண்டர் பர்ன்ஸ் சேகரித்த மாதிரியைக் கொண்டு. பிறகு பல்லாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஹியூம், காங்கிரஸ் வரலாற்றில் வருகிற அதே ஹியூம்தான், சிந்துவில் தேடியும் கிடைக்கவில்லை. 1880இல்தான் டோய்க் என்பவர் மறுபடி கண்டார். வீட்டுச் சிட்டுக் கூட்டத்தில் எத்தனை முறை கண்முன்னே கடந்து போயிருக்குமோ.

பிப்ரவரி 20
மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் வீட்டுச் சிட்டு வகை பாக்ட்ரியானுஸ். உள்ளூர் வகையான இண்டிகஸிலிருந்து அதைத் தொலைநோக்கியில் பிரிக்க முடியாது. கையில் பிடித்து இறக்கையை அளக்க வேண்டும்.

மார்ச் 4
நுனிகள் தேய்ந்துவிட்டன, ஆண்களெல்லாம் பளிச்சென்று. பெட்டைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. காலையில் வெயில் வந்தால் முதலில் விலா, பிறகு அலகு.